ஷோகேஸ் ராஜா

ஆவடியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். 'என் பையனுக்கு எட்டு வயசு. குகேஷ் ஜெயித்ததிலிருந்து செஸ், செஸ் என்று உயிரை வாங்குகிறான். சரி, நல்லதாக ஒரு செட் வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்று கடைக்குப் போனால், கண்ணாடியில் ஒன்று, மார்பிளில் ஒன்று, மகாபாரத செட் என்று ஒன்று... தலை சுற்றுகிறது. விளையாடவும் வேண்டும், ஹாலில் வைத்தால் பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும். எதை வாங்கலாம்?'

நியாயமான கேள்வி. ஆனால், கேட்ட ஆளுக்குத்தான் தகுதி கொஞ்சம் இடிக்கிறது. ஏனென்றால், இதே விஷயத்தில் பெரிதாக ஒரு தப்பு செய்து, அதற்கு வட்டியோடு அபராதமும் கட்டியவன் நான். ஒருவேளை, அதுதான் தகுதியோ என்னவோ!

முதலில் கொஞ்சம் ஊர்ப் பெருமை பேசிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிட்டிக்காரர்களுக்கு எங்கள் அம்பத்தூர் என்றால் எஸ்டேட், லாரி, புழுதி. அவ்வளவுதான். ஆனால், எங்களுக்கு ஒரு பக்கம் பாடி. பிரக்ஞானந்தாவும் அவர் அக்கா வைஷாலியும் வளர்ந்த ஊர். பெண் டி.வி. பார்ப்பதைக் குறைக்கத்தான் வைஷாலியை செஸ் வகுப்பில் சேர்த்தோம் என்று அவர்கள் வீட்டில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். தம்பி 2018-ல் கிராண்ட் மாஸ்டர், அக்கா 2023-ல். உலகத்திலேயே அக்கா - தம்பி இரண்டு பேரும் கிராண்ட் மாஸ்டர் என்பது அதுதான் முதல் தடவை. இன்னொரு பக்கம் மேல் அயனம்பாக்கம். குகேஷ் படித்த பள்ளிக்கூடம் அங்கேதான். 2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில், 18 வயதில், டிங் லிரெனை 14-வது ஆட்டத்தில் வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார் இல்லையா... அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் செஸ் கிளாஸ். தண்ணீர் கேன் போடுகிற தம்பிகூட 'சிசிலியன் டிஃபென்ஸ்' என்கிறார்.

ஆகவே, ஆவடிக்காரரின் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி இல்லை. இந்த ரூட்டில் இன்று ஆயிரம் வீட்டில் இதே கேள்விதான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

2022-ம் வருஷம். ஜூலை 28-லிருந்து ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட். ஞாபகம் இருக்கும். நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு - வெள்ளைக் கட்டம் போட்டு விட்டார்கள். வேட்டி - சட்டையோடு கை கூப்பிய 'தம்பி' குதிரை ஊரெல்லாம் நின்றது. என் மகளுக்கு அப்போது 9 வயது. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலிருந்தே அவள் செஸ் ஆடிக்கொண்டிருந்தாள். சுருட்டி வைக்கிற பச்சை ஷீட், பிளாஸ்டிக் காய்கள், 450 ரூபாய். கூட ஆடுகிறவர், கீழ்வீட்டுத் தாத்தா. எஸ்டேட்டில் 34 வருஷம் லேத் ஓட்டி ரிட்டயர் ஆன டர்னர். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிப்படி ஏறி வருவார். 'பாப்பா, ராஜா ரெடியா?' என்பார். ஒரு ஆட்டம், சில நாள் இரண்டு. ஒரு டம்ளர் காபி. கிளம்பி விடுவார்.

ஒலிம்பியாட் ஜோரில் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. மகள் பிறந்த நாளுக்கு 'உருப்படியா' ஒரு செட் வாங்குவது என்று ஒரு பெரிய கடைக்குப் போனேன். கடை பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. பார்த்தவுடன் மயங்கியது கண்ணாடி செட். ஒரு சேனை தெளிந்த கண்ணாடி, எதிர்ச் சேனை பனி படிந்த மாதிரி மங்கல் கண்ணாடி. போர்டும் கண்ணாடி. லைட்டுக்குக் கீழே வைத்தால் ஜெகஜ்ஜோதி. 1,800 ரூபாய். கிஃப்ட் பேப்பர் சுற்றி வாங்கி வந்தேன். பழைய ஷீட்டை, 'இனிமே எதுக்கு?' என்று பக்கத்துத் தெருப் பையனுக்குக் கொடுத்து விட்டேன். பெருந்தன்மை!

புது செட் ஷோகேஸில் ஏறியது. சாவி என் அம்மாவிடம்.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் விஷயம். முதல் வாரத்தில் ஆறு ஆட்டம் ஆடியிருப்பார்கள். ஒவ்வொரு காயை நகர்த்தும்போதும், 'மெதுவா... மெதுவா...' என்று என் அம்மா பின்னணி இசை. அப்புறம் தாத்தா மேலே வருவதை நிறுத்திக்கொண்டார். மகள் இரண்டு நாள் வாசலைப் பார்த்தாள். 'தாத்தாவுக்கு என் மேல கோவமாப்பா?' என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கு டெட்லைன். 'சேச்சே, வெயிலா இருக்கும்' என்றேன். ஆகஸ்ட் போய் மழைக்காலமே வந்துவிட்டது, தாத்தா வரவில்லை.

நவம்பரில் ஒருநாள் கீழே போய் நானே கேட்டேன். அவர் முதலில் மழுப்பினார். அப்புறம் வலது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"ரெண்டு வருஷமா இப்படித்தான் தம்பி. பிளாஸ்டிக்குனா பரவால்ல, கீழ விழுந்தா எடுத்து வெச்சிக்கலாம். இது கண்ணாடி. பாப்பாவோட பொறந்த நாள் சாமான். நான் உடைச்சிட்டேன்னா?"

நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவரே பேச்சை மாற்றினார்.

"சாமான் நல்ல சாமான்தான். ஜாப்தான் தப்பு. எது ராணி, எது பிஷப்னு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாத்தாத்தான் தெரியுது. யோசிக்க வேண்டியதை விட்டுட்டு, தேடிக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு."

இந்தப் பத்தியில் எத்தனையோ சினிமாவையும் புத்தகத்தையும் விமர்சனம் செய்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக ஒரு விமர்சனம் நான் எழுதியதில்லை.

தாத்தா சொன்ன அதே புகார்தான் 1849-ல் லண்டனிலும் இருந்தது. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் ஊருக்கு ஒரு டிசைன். சில காய்கள் ஒல்லியாக, உயரமாக, அடுக்கடுக்காக வளையம் போட்டுக்கொண்டு நிற்கும். கை பட்டால் சாயும். ராஜாவும் ராணியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பார்கள். ஒரு ஊர்க்காரர் இன்னொரு ஊருக்குப் போனால், காய்களைப் பழகுவதற்குள் ஆட்டம் போய்விடும். இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது நதானியல் குக் பதிவு செய்த ஒரு டிசைன். செய்து விற்றது லண்டனின் ஜாக்வஸ் கம்பெனி. பிரபல ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டான்டன் 'இது நல்ல செட்' என்று சிபாரிசு செய்ய, அவர் பெயரே நிலைத்து விட்டது. இன்று நீங்கள் போட்டிகளில் பார்க்கிற எல்லாமே அந்த ஸ்டான்டன் வம்சம்தான். டிசைன் போட்டவர் பெயர் போய், சிபாரிசு செய்தவர் பெயர் நின்றது. விளம்பரத்தின் மகிமை அன்றைக்கும் அப்படித்தான்!

ஸ்டான்டன் செட் ஏன் ஜெயித்தது? ராஜாவுக்குச் சிலுவை, ராணிக்குப் பல் வைத்த கிரீடம், பிஷப் தொப்பியில் ஒரு வெட்டு, யானைக்குக் கோட்டை மதில், சிப்பாய்க்கு வெறும் உருண்டைத் தலை. அரை நொடியில் எது எது என்று கண் கண்டுபிடித்து விடும். அடி அகலம், இடுப்பு சிறுசு. பிடிக்க வாகு, சாயாது. இன்னொரு காரணம்தான் எங்கள் டர்னர் தாத்தாவுக்குப் பிடித்தது. இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். 32 காயில் 28 காய், லேத்தில் கடைந்து எடுக்கிற வேலை. அப்புறம் அங்கங்கே ஒரு வெட்டு, ஒரு அரம். பம்பரத்துக்கும் தொட்டில் கம்புக்கும் பண்ணுகிற அதே கடைசல். அதனால் மலிவாகவும் செய்ய முடிந்தது. மிச்சம் நாலு காய், குதிரை. அதற்கு அடிப்பாகம் மட்டும்தான் லேத். தலை முழுக்கக் கையால் செதுக்க வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிற கிரேக்க பார்த்தினான் கோயில் குதிரைத் தலைதான் ஸ்டான்டன் குதிரைக்கு முன்மாதிரி என்பார்கள்.

எனவே, ஆவடி வாசகரே, முதல் பாடம். கடையில் ஒரு மர செட்டைக் கையில் எடுத்தால் ராஜாவைப் பார்க்காதீர்கள். குதிரையைப் பாருங்கள். காது, மூக்குத் துவாரம், பிடரி எல்லாம் தெளிவாக இருக்கிறதா? நாலு குதிரையும் ஒரே வீட்டுக் குதிரைகளாகத் தெரிகிறதா, அல்லது ஒன்று குதிரை, ஒன்று கழுதை, ஒன்று ஒட்டகமா? ஒரு செட்டின் விலையும் யோக்கியதையும் குதிரையில் தெரிந்து விடும். இந்த வேலைக்கு நம் நாட்டில் பேர் போன ஊர் பஞ்சாபில் இருக்கிற அமிர்தசரஸ். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கப்படுகிற மர செட்டுகளில் பல அங்கே கடையப்பட்டவை. குதிரை மட்டுமே செதுக்குகிற கைகள் அங்கே உண்டு.

சரி, கடையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விடுவோம். நான் பி.காம். படித்தவன். (விஸ்வநாதன் ஆனந்தும் பி.காம்.தான், லயோலா. ஒற்றுமை அத்துடன் முடிகிறது.) எனவே, என் அளவுகோல் ஒன்றே ஒன்று. வாங்கிய விலையை ஆடிய ஆட்டங்களால் வகுக்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு என்ன அடக்க விலை?

என் கண்ணாடி செட்: 1,800 ரூபாய், 6 ஆட்டம். ஆட்டத்துக்கு 300 ரூபாய். மல்ட்டிபிளெக்ஸ் டிக்கெட்டைவிட அதிகம், பாப்கார்னும் கிடையாது. பச்சை ஷீட்: 450 ரூபாய், இரண்டு வருஷத்தில் சுமார் 600 ஆட்டம். ஆட்டத்துக்கு 75 பைசா!

மார்பிள் செட்: சுற்றுலா போகிற ஊர்களில் தலையில் கட்டுவார்கள். கனம் நிறைய. ஆனால், கல்லோடு கல் மோதினால் முதலில் போவது ராஜாவின் தலை. கிரீடம் இழந்த மன்னரை ஃபெவிகுவிக் போட்டு எத்தனை தடவை முடிசூட்டுவீர்கள்?

மகாபாரத செட், ரோமானிய செட், கிரிக்கெட் செட் எல்லாம் ஒரு ஜாதி. அர்ஜுனன் பிஷப்பா, ராணியா? கர்ணன் யானையா, குதிரையா? ஆட்டத்தின் நடுவில் பட்டிமன்றம் வந்துவிடும். இது இன்று நேற்று வந்த ஆசையும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஒரு பக்கம் கம்பெனிப் படை, மறுபக்கம் நம் ராஜாக்கள் படை என்று யானைத் தந்தத்தில் செதுக்கினார்கள். இன்று மியூசியத்தில் பார்த்தால் அசந்து போவோம். (வாங்க ஆசைப்படாதீர்கள், தந்த வியாபாரம் சட்டப்படி குற்றம்.) அவையெல்லாம் ஆடுவதற்கு என்பதைவிட, சீமைக்கு எடுத்துப் போய் வரவேற்பறையில் வைப்பதற்குத்தான் வாகு. ஹாலில் நாலு பேர் கேட்க வேண்டும் என்ற ஆசைக்கு வயசு இருநூறுக்கு மேல்.

காந்த செட்: ரயிலுக்கு ஓகே. வீட்டுக்கு வேண்டாம். காய் குட்டி, கட்டம் குட்டி, கண் வலிக்கும்.

'அப்படியானால் அழகே கூடாதா? எல்லோரும் பச்சை ஷீட்டையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

அழகு கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த அழகு என்பதுதான் கேள்வி. உலக செஸ் சம்மேளனமான ஃபிடே, போட்டிக்கான காய்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறது. ராஜா 9.5 செ.மீ., ராணி 8.5, பிஷப் 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. பத்து சதவிகிதம் முன்னே பின்னே இருக்கலாம். அடிப்பாகத்தின் குறுக்களவு, உயரத்தில் 40-லிருந்து 50 சதவிகிதம். கட்டத்தின் பக்கம் சிப்பாயின் அடியைப்போல இரண்டு மடங்காவது இருப்பது நல்லது. மரமோ பிளாஸ்டிக்கோ அது மாதிரி ஒன்றோ. இதெல்லாம் எந்த ஆபீஸிலும் எழுதக்கூடியதுதான். எனக்குப் பிடித்தது அடுத்து வருவது. காய்கள் பளபளக்கக் கூடாது, கண்ணுக்கு இதமாகவும் இருக்க வேண்டுமாம்! இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். நான் கடையில் மயங்கியதே அந்தப் பளபளப்பில்தான்.

பளபளப்பு கடையில் நிற்கும் மூன்று நிமிஷத்துக்கு. மூன்று மணி நேரம் உற்றுப் பார்க்கிறவனுக்கு அது எதிரி. லைட் பட்டு எதிரொளிக்கும், கண் கூசும்.

அழகுக்கு ஆசைப்பட்ட கலைஞர்களும் இந்த ஆட்டத்தை விடவில்லை. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் ஜோசப் ஹார்ட்விக் என்பவர் 1920-களில் ஒரு செட் செய்தார். ஒவ்வொரு காயின் உருவமே அது எப்படி நகரும் என்று சொல்லும். குறுக்கே போகிற பிஷப்புக்குப் பெருக்கல் குறி வடிவம். நேராகப் போகிற யானைக்கு வெறும் கனசதுரம். புத்திசாலித்தனம்தான், அழகுதான். ஆனால், போட்டிகளில் ஸ்டான்டனை அசைக்க முடியவில்லை. குதிரையைக் குதிரையாகப் பார்த்துப் பழகிய கண் அவ்வளவு சுலபமாக மாறாது. மாறாக, 1950-ல் யூகோஸ்லாவியாவின் துப்ரோவ்னிக் ஒலிம்பியாடுக்காகச் செய்த செட்டைப் பாருங்கள். மதச் சின்னங்கள் கிடையாது, ராஜா தலையில் சிலுவை இல்லை. மற்றபடி எல்லாம் அடக்கமாக, தெளிவாக இருக்கும். பாபி ஃபிஷருக்கு மிகவும் பிடித்த செட் அது. எதிலுமே குறை காண்கிற மனிதர், நாற்காலி சரியில்லை, லைட் சரியில்லை, கேமரா சத்தம் கேட்கிறது என்று 1972-ல் ரெய்க்யவிக்கில் படுத்தி எடுத்தவர். அவரே ஒரு செட்டைப் பாராட்டினார் என்றால் அது ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குச் சமம். அதன் நகல்களை இன்று அமிர்தசரஸிலும் செய்கிறார்கள்.

அழகு கண்ணுக்கு மட்டும்தானா என்றும் யோசித்துப் பாருங்கள். பார்வையற்றவர்கள் ஆடுகிற செட்டில் கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும். காயின் அடியில் ஒரு குச்சி, கட்டத்தில் ஒரு துளை. ஒரு பக்கத்துக் காய்களின் உச்சியில் மட்டும் சின்னக் குமிழ். விரல் ஓடுவதிலேயே மொத்தப் போர்க்களமும் தெரிந்து விடும். அதைவிட அழகான செட் எது?

தாத்தாவின் கையைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் கடை கடையாக ஏற ஆரம்பித்தேன். இந்த முறை கண்ணை நம்பவில்லை, அந்தக் கையை நினைத்துக்கொண்டு தேடினேன். நான் பார்த்தது இவ்வளவுதான், நீங்களும் பார்க்கலாம்:

கனம். நல்ல காயின் அடிவயிற்றில் உலோகம் வைத்து, கீழே துணி ஒட்டியிருப்பார்கள். 'டபுள் வெயிட்', 'டிரிபிள் வெயிட்' என்றெல்லாம் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கடையிலும் அதற்கு ஒவ்வொரு அர்த்தம். ராஜாவைச் சாய்த்துப் பிடித்து விடுங்கள். தஞ்சாவூர் பொம்மை மாதிரி நிமிர்ந்தால் பாஸ். நடுங்குகிற கைக்கு இதுதான் உயிர்.

மரம். 'ரோஸ்வுட்' என்று விற்பது பெரும்பாலும் நம்மூர் ஈட்டி இல்லை, வடக்கத்திச் சீஷம். அதுவும் நல்ல மரம்தான், விலை மட்டும் ஈட்டி விலை கேட்கக் கூடாது. 'எபனி' என்றால் கருங்காலி. கழுத்தில் மாலை போட்டே தீர்த்துக்கொண்டிருக்கிறோம், செஸ் காய்க்கு எங்கே போவது? வெளிர் மரத்தில் கறுப்புச் சாயம் ஏற்றியதும் உண்டு. அதில் தப்பில்லை, சொல்லி விற்றால் சரி. கருங்காலிக்கு விரிசல் விடுகிற குணமும் உண்டு. ஏ.சி. காற்று படுகிற இடத்தில் வைக்காதீர்கள்.

ராணி எண்ணிக்கை. பக்கத்துக்கு இரண்டு ராணி, ஆக 34 காய் இருக்கிற செட்டாக வாங்குங்கள். சிப்பாய் கடைசிக் கட்டம் போய் ராணி ஆகும்போது, யானையைத் தலைகீழாக நிறுத்தி 'இதுதான் ராணி' என்று நாம் தெருவில் ஆடியிருக்கிறோம். போட்டியில் அது செல்லாது. தலைகீழாக நின்றாலும் யானை யானைதான் என்கிறது விதி. பையன் நாளைக்குப் போட்டிக்குப் போவான், இப்போதே பழகட்டும்.

நிறம். பக்கத்து வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில், நாலடி தள்ளி நின்று பாருங்கள். இரண்டு சேனையும் தனித்தனியாகத் தெரிகிறதா? காயும் கட்டமும் ஒரே கறுப்பாக இருந்தால் கறுப்புக் காய் கறுப்புக் கட்டத்தில் காணாமல் போகும். காய் கறுப்பென்றால் கட்டம் பிரவுன் அல்லது பச்சை. உத்தமம்.

கடைசியில் 4,200 ரூபாய்க்கு ஒரு மர செட் வாங்கினேன். சீஷம், வெளிர் மரம், மங்கலான பாலிஷ். ஷோகேஸில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். தூக்கிக்கொண்டு நேரே கீழ்வீட்டுக்குப் போனோம், நானும் மகளும். தாத்தா ஒரு குதிரையை எடுத்தார். கை நடுங்கியது. குதிரை அதன் கட்டத்தில் 'டொப்' என்று உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த சிப்பாயை இடித்தது, ஆனால் சிப்பாய் விழவில்லை. லேசாக ஆடி, நின்றுகொண்டது.

"இடிச்சதுக்கு சிப்பாயைத்தான் நகத்தணுமா பாப்பா? தொட்டா ஆடணும்ல?" என்றார் தாத்தா.

"வேணும்னு தொட்டாத்தான் தாத்தா. தெரியாம பட்டா கணக்கு இல்ல. ரூல்லயே இருக்கு."

அது நிஜமாகவே விதியில் இருக்கிறது. எழுதியவர்கள் வாழ்க.

அதற்கப்புறம் அந்த செட் கீழ்வீட்டு டீப்பாயிலேயே திறந்தபடி கிடக்கிறது. ஒரு வருஷத்தில் சுமார் 500 ஆட்டம். ஆட்டத்துக்கு 8 ரூபாய் 40 காசு. 4,200-வது ஆட்டத்தில் ஒரு ரூபாய்க்கு வந்துவிடும். தேய்மானக் கணக்கு எழுதப் பழகிய எனக்கு இந்தச் சொத்து ஒரு புதிர். ஆட ஆட கை எண்ணெய் ஏறி, மரம் மினுமினுப்பு கூடிக்கொண்டே போகிறது.

நடுவில் ஒரு வெள்ளைச் சிப்பாய் தொலைந்து போனது. பால்கனித் தண்ணீர்க் குழாய்க்குள் போயிருக்கும் என்று சந்தேகம். தாத்தா அசரவில்லை. இன்னொரு சிப்பாயை எடுத்து வெர்னியரில் அளந்தார். அவர் கை நடுங்கியதால் வெர்னியரைப் பிடித்தது மகள், படித்தது அவர். பேப்பரில் படம் போட்டு, பழைய நாற்காலிக் கால் ஒன்றை எடுத்துக்கொண்டு, எஸ்டேட் பக்கம் தெரிந்த ஒரு பட்டறைக்குப் போனார்கள். அங்கே இருந்த பையன் கடைய, தாத்தா பின்னால் நின்று, 'இன்னும் அரை நூல் எறக்கு... போதும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். வந்த சிப்பாய் மற்றவர்களைவிடக் கொஞ்சம் செம்பட்டை நிறம். இன்றைக்கும் மகள் வெள்ளை ஆடினால் அது ராஜாவுக்கு முன்னால்தான் நிற்கும். முதல் அடி அதுதான் வைக்கும்.

ஆவடி வாசகருக்கு என் பதில் இது. பையன் இப்போதுதான் ஆரம்பிக்கிறான் என்றால், கனமான பிளாஸ்டிக் காய், சுருட்டுகிற ஷீட். வெட்கப்படாதீர்கள், சின்னப் பிள்ளைகளின் போட்டிகளிலெல்லாம் பெரும்பாலும் அதுதான். ஒரு வருஷம் கழித்தும் ஆடிக்கொண்டிருந்தால் அப்போது மரம். அழகு வேண்டுமென்றால் குதிரையில் தேடுங்கள். எதை வாங்கினாலும் பூட்டி வைக்காதீர்கள். டீப்பாயில் திறந்தே கிடக்கட்டும். ஹாலுக்கு வருகிற நாலு பேரில் ஒருவராவது உட்கார்ந்து, 'ஒரு ஆட்டம் போடலாமா தம்பி?' என்று உங்கள் பையனைக் கேட்பார்.

இன்னொரு விஷயம். சிங்கப்பூரில் அன்றைக்கு ஜெயித்தவுடன் குகேஷ் என்ன செய்தார் என்று கவனித்தீர்களா? கண்ணீர் வழிய, கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் அடுக்கினார். எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் வந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் மகள் அடுக்குவாள். தாத்தா ராஜாக்களை மட்டும் தானே வைப்பேன் என்பார். கொஞ்சம் நேரம் ஆகும். அவள் காத்திருப்பாள்.

கண்ணாடி செட்டா? ஷோகேஸிலேயே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், 'ரொம்ப அழகா இருக்கே, யார் ஆடுவாங்க?' என்று.